பதினேழாவது வரி

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கூப்பிடாமலே ஓடி வந்து உட்கார்ந்துகொள்ளும் ஆப்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பாட்டு ஆப், சாட் ஆப், என்றைக்கோ தூக்கிப் போட்ட ஸ்கேனரின் ஆப், அந்த ஸ்கேனர் ஆப்புக்கு அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஆப். மெஷின் பாவம், இத்தனை பேரையும் எழுப்பி உட்கார வைத்த பிறகுதான் நம்மைத் திரும்பிப் பார்க்கும். அதற்குள் ஜனங்கள், "மெஷின் பழசாயிடுச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பழசும் இல்லை, ஒன்றும் இல்லை. செட்டிங்ஸுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆன் செய்ததும் யார் யார் தானாக எழுந்து வரலாம் என்ற பட்டியல். வேண்டாதவர்களை அதில் அணைத்துவிட்டால் போதும். படித்தவர்களுக்குக்கூட அதைத் திறந்து பார்க்கப் பொறுமை கிடையாது.

எங்கள் கடைக்கு எந்த லேப்டாப் வந்தாலும் முதலில் அந்தப் பட்டியலைத்தான் திறப்பேன். திரை உடைந்து வந்தாலும் சரி, தண்ணீர் கொட்டி வந்தாலும் சரி. கேட்டாலும் செய்வேன், கேட்காவிட்டாலும் செய்வேன். அணைத்ததையெல்லாம் வரிசை எண் போட்டு, எது என்ன வேலை செய்கிறது என்று ஆளுக்கு ஒரு வரி எழுதி, கார்பன் வைத்த சீட்டுப் புத்தகத்திலிருந்து மேல் தாளைக் கிழித்து லேப்டாப் மூடிக்குள் வைத்துவிடுவேன். கீழ்த் தாள் எனக்கு. அடியில் 'உரிமையாளர் கையெழுத்து' என்று ஓர் இடம். இந்தச் சீட்டு வழக்கம் நானே கொண்டுவந்தது.

கடை அண்ணனுடையது. முன்னால் கவுண்டரில் அவன் பேசுவான், பின்னால் பிளைவுட் தடுப்புக்குள் நான் வேலை பார்ப்பேன். உள்ளே ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, தடுப்பில் லேப்டாப் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. அவ்வளவுதான் என் ராஜ்யம். என் கைவேகத்தைப் பார்த்து அண்ணன் எனக்கு வைத்த பேர் 'ஸ்பீடு'. அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இந்த வினையெல்லாம் அதில்தான் தொடங்கியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த அக்கா வந்தாள். எம்பிராய்டரி டிசைன் போடுகிறவள். வீட்டிலிருந்தே தையல் கம்பெனிகளுக்குப் பூவும் கொடியும் வரைந்து அனுப்புவாளாம். லேப்டாப்பை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கவுண்டரைத் தாண்டி நேராக என் தடுப்புக்கு வந்தாள்.

"ஸ்லோவா இருக்கு. வியாழக்கிழமை வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

"எதுக்குக்கா ரெண்டு நாள்? சாயங்காலமே முடிச்சுடுவேன்."

"வேணாம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நானே வந்து வாங்கிக்கறேன். அன்னைக்கு ஒரு மணி நேரம் உங்க சிஸ்டம் ஒண்ணு தர முடியுமா? ஒரு டிசைன் டெஸ்ட் இருக்கு. வெளியூர் மில். கிடைச்சா தங்க ரூமும் தர்றாங்க." கடைசி வார்த்தைகளை ரொம்ப மெதுவாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே, மில்லின் வெப்சைட் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை என் மேஜையில் வைத்தாள்.

"உங்க மெஷினே பறக்கப் போகுது, எங்க சிஸ்டம் எதுக்கு?" என்று சிரித்தேன்.

"வேகம் முக்கியமில்லம்மா. உள்ள எதையும் தொடாதீங்க. மெசேஜும் அனுப்பாதீங்க. ரசீதுல இருக்கறது வீட்டுக்காரர் நம்பர். ஃபோன் அவர்கிட்டதான் இருக்கும்."

இதற்கு மேல் எப்படிச் சொல்வாள்? எல்லாவற்றையும் சொல்லித்தான் போனாள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொடாதே என்று சொல்கிற வாடிக்கையாளர் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று, வேகமாக்கிக் கொடுத்தால் வாயெல்லாம் பல்லாகப் போவார்கள் என்று நினைத்தேன்.

அவள் தலை மறைந்ததும், ரசீதில் அவள் எழுதிவிட்டுப் போன பாஸ்வேர்டைப் போட்டுப் பட்டியலைத் திறந்தேன். இருபத்து மூன்று. மெஷின் முழுதாக எழுந்து நிற்கப் பதினைந்து நிமிடம். என் வாழ்நாளில் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாக அணைத்து எழுதிக்கொண்டே வந்தேன். பதினேழாவது, 'பிரிண்டர் உதவி' என்ற பெயரில் இருந்தது. பிரிண்டர் எதுவும் அந்த மெஷினோடு சேர்ந்ததாகவே தெரியவில்லை. தோண்டிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படம் பிடித்து ஒரு ஃபோனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கேமராவைத் தொடுகிறதா என்றும் பார்த்தேன். இல்லை, திரை மட்டும்தான். ஃபோன் எண் ரசீதில் இருந்த அதே எண்.

எனக்கு ஒரே குஷி. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் அல்லவா! அதையும் அணைத்தேன். சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: '17. பிரிண்டர் உதவி என்று பெயர். உண்மையில் திரையைப் படம் பிடித்து வேறொரு ஃபோனுக்கு அனுப்புகிறது. நிறுத்தப்பட்டது.' அக்கா வந்ததும் விவரமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். மெஷின் இப்போது பன்னிரண்டு நொடியில் எழுந்தது. கடை சிஸ்டத்தில் அந்த வேலைக்கு நேரே 'முடிந்தது' என்று டிக் போட்டேன்.

டிக் போட்டால் வாடிக்கையாளருக்குத் தானாக மெசேஜ் போய்விடும். அண்ணன் ஆசையாக ஏற்பாடு செய்த ஆப் அது. ஊரில் உள்ள ஆப்பையெல்லாம் அணைக்கிற எனக்கு, எங்கள் கடையில் தானாக ஓடுகிற ஒன்று கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை நான் வரும்போது அண்ணன், "அந்த டிசைன் லேப்டாப்பை நேத்து நீ போனதுமே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றான்.

"அந்த அக்காவா?"

"அவங்க வீட்டுக்காரர். தங்கமான மனுஷன். சீட்டையெல்லாம் நின்னு படிச்சுக் கையெழுத்துப் போட்டார்."

நானே வந்து வாங்கிக்கறேன் என்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. ஏன் என்று யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் இரண்டு பேரும் படியேறி வந்துவிட்டார்கள். அவர் முன்னால், அவள் பின்னால், லேப்டாப் அவர் கையில்.

அவர் குரலே உயரவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. தடுப்புத் திறப்பில் குனிந்து வணக்கம் சொன்னார்.

"மேடம், ரொம்ப அக்கறையா வேலை பாத்திருக்கீங்க. ஆனா அவளுக்குப் பழகின மாதிரி இருந்தாத்தான் வசதி. எல்லாத்தையும் பழையபடியே வச்சுக் குடுத்துடுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் எதையும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனேனே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பதினேழு அங்கே இருப்பது அவளுக்கு ஆதியிலிருந்தே தெரியும். அதற்குத் தெரியாமல் மூச்சு விடத்தான் லேப்டாப்பைக் கடையில் விட்டுவிட்டு, அதை வாங்கும் சாக்கில் வியாழக்கிழமை ஒரு மணி நேரத்தைச் சம்பாதித்திருந்தாள். எத்தனை நாள் யோசித்துப் போட்ட திட்டமோ! அதை நான் ஒரு டிக்கில் கெடுத்தேன். கெடுத்ததோடு, பதினேழின் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று என் கையாலேயே எழுதி அவரிடம் சேர்த்தும் விட்டேன். சீட்டை அவளுக்குக் காட்டியிருக்க மாட்டார். அவள் அறியாள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏய் ஸ்பீடு, சார் கேக்கறதைச் செஞ்சு குடு. அஞ்சு நிமிஷ வேலைதானே?" என்றான் அண்ணன்.

அஞ்சு நிமிஷம்கூட இல்லை. இருபத்து மூன்று பொத்தான். அதைத் தட்டிக் கொடுத்துவிட்டால் அவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, பின்னாலேயே அவளையும் கூட்டிக்கொண்டு படியிறங்கிவிடுவார். வியாழக்கிழமை பதினோரு மணி வந்துவிட்டுப் போய்விடும். எனக்கு அந்த அறையில் காற்றே இல்லாதது போல இருந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளினால் சுவர், முன்னால் குனிந்து நிற்கும் அவர் முகம். பத்து வருஷமாக உட்கார்ந்திருக்கிற இடம் அன்றைக்குத்தான் இவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

நான் வாடிக்கையாளரிடம் பொய் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன், ஒன்றுக்கு மூன்றாக.

"தப்பு என் மேலதான் சார். ஆனா நிறுத்தினதை மறுபடி போடறது அவ்வளவு சுலபமில்ல. ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் விரல் ரேகை கேக்கும். அதனால அவங்க பக்கத்துல உக்காந்திருக்கணும். இன்னைக்கு என்னால முடியாது, கை நிறைய வேலை கிடக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க. ஒரு மணி நேரம் ஆகும்."

அண்ணன் என்னை முறைத்தான். என் மேஜையில் அன்று ஒரே ஒரு லேப்டாப்தான் இருந்தது என்பது அவனுக்குத் தெரியும். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

அவர் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "சரி. மெஷின் என்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு நானும் கூட வர்றேன்."

"தாராளமா வாங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

போகும்போது அக்கா ஒரு முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். அவர்கள் போன பிறகு அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நமக்கென்ன வேலை? கடையை இழுத்து மூட வைக்கப் போற" என்று கத்தினான். கத்திவிட்டு, ரசீதில் அந்த ஃபோன் எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வியாழக்கிழமை பத்து ஐம்பதுக்கே வந்துவிட்டார்கள். உள்ளே இரண்டு நாற்காலிதான், எனக்கொன்று, விரல் வைக்க அவளுக்கொன்று. அவர் கவுண்டர் பக்கம், திறப்புக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் தலைகள் தெரியும், மேஜை தெரியாது.

மேஜையில் அவளுடைய லேப்டாப் இடது பக்கம், கடை சிஸ்டம் வலது பக்கம். வலது பக்கத்தில் மில்லின் டெஸ்ட் பக்கத்துக்கு ஜன்னல் திறந்து வைத்திருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. "அழறதுக்கெல்லாம் டைம் இல்லக்கா. டெஸ்ட் பாஸ்வேர்டைப் போடுங்க" என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

லேப்டாப்பில் நான் முதலில் போட்டது பதினேழைத்தான். பிறகு மிச்ச இருபத்து இரண்டையும் போட்டேன். அதோடு விடவில்லை. கடையில் என்னென்ன குப்பை ஆப் கையில் கிடைத்ததோ அத்தனையையும் ஏற்றி, தானாக எழுந்து வரும் பட்டியலில் சேர்த்தேன். கிடைத்த மெஷினையெல்லாம் வேகமாக்கியே பேர் வாங்கியவள், முதல் முறையாக ஒரு மெஷினை மெதுவாக்கினேன். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு. ரீஸ்டார்ட் செய்தேன். அவள் இடது கை விரலை லேப்டாப்பில் வைத்தாள். வலது கை மவுஸைப் பிடித்து, கடை சிஸ்டத்தில் முதல் இதழை வரையத் தொடங்கியது.

கவுண்டரில் 'டிங்' என்றது. அவர் ஃபோனுக்கு முதல் படம் போய்விட்டது. எட்டிப் பார்த்தேன். ஃபோனைப் பார்த்துவிட்டுக் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

டெஸ்ட்டுக்கு நாற்பத்தைந்து நிமிடம். புடவைக் கரைக்கு ஒரு கொடி, ஒரு பூ, ஒரு மூலை. ஒவ்வொரு தையலும் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று குறிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிங். ஒவ்வொரு டிங்குக்கும் அவள் தோள் ஒரு முறை துள்ளும், கை மட்டும் நிற்காது. பதினெட்டு நிமிடம் கழித்து லேப்டாப் ஒருவழியாக எழுந்தது. "இன்னும் சரியா வரல சார், மறுபடி போடறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடி இடது கை விரல். மறுபடி டிங்.

அண்ணனுக்குப் பேசாமல் இருக்க வராது. அன்றைக்கு வேண்டுமென்றே பேசினான். மழை வராதது, பக்கத்துக் கட்டட லிஃப்ட், தன் முதுகுவலி, முதுகுவலிக்கு யார் யார் என்னென்ன சொன்னார்கள். மற்ற நாளில் அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குத் தலைவலி வரும்.

முப்பதாவது நிமிடம் தாண்டியிருக்கும். பேச்சின் நடுவிலேயே அவர் எழுந்தார். நேராகத் திறப்புக்கு வந்து குனிந்தார். நான் சட்டென்று முன்னால் சாய்ந்து முகத்தை அவர் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் மவுஸ் நின்றது.

"என்ன மேடம், ஒரே மாதிரியே நிக்குதே? இருபது நிமிஷமா அந்த வட்டம்தான் சுத்திக்கிட்டு இருக்கு, வேற ஒண்ணும்..."

பாதியிலேயே நிறுத்தினார். என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்காமலே வேலை செய்கிற வாய்.

"வட்டம் சுத்தறது அங்கிருந்து உங்களுக்கு எப்படி சார் தெரியுது?"

அண்ணன்கூடப் பேச்சை நிறுத்திவிட்டான். அவர் என்னைப் பார்த்தார், என் தோளுக்கு மேல் தெரிந்த மனைவியின் தலையைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். அவள் தலையைத் திருப்பவே இல்லை. ஒன்றும் புரியாதவள்போல, "எனக்கும் அதான் தெரியலங்க, வட்டம்தான் சுத்துது" என்றாள்.

"இல்ல... பொதுவா அப்படித்தானே சுத்தும். சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஃபோனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அது எத்தனை டிங் அடித்தும் எடுத்துப் பார்க்கவில்லை.

மவுஸ் மறுபடி நகர்ந்தது. நாற்பத்து மூன்றாவது நிமிடம் 'அனுப்பு' பொத்தானை அமுக்கினாள். பதில் வர எங்கள் கடையின் மெயில் முகவரியைக் கொடுத்திருந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நீண்ட மூச்சு விட்டாள். பிறகு லேப்டாப்பைக் காட்டி, சத்தமே வராமல், "இதை எப்படி நிறுத்தறது?" என்று கேட்டாள். பட்டியலைத் திறந்து காட்டினேன். மூன்றே மூன்று சொடுக்கு. அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். "இப்ப வேணாம்" என்று தலையசைத்தேன். "தெரியும்" என்பதுபோல அவளும் அசைத்தாள்.

அவரோடுதான் படியிறங்கிப் போனாள். லேப்டாப் அவர் கையில், எல்லா ஆப்களோடும் பதினேழோடும். ஒரு மணி நேரத்துக்குத் திறந்த கதவை நானே மறுபடி சாத்தி அனுப்பியதுபோல இருந்தது.

ஒன்பதாம் நாள் மெயில் வந்தது. வேலை அவளுக்குத்தான். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். எப்படிச் சொல்வது? ஃபோன் அவரிடம், வீடு அவரிடம். ஒவ்வொரு நாளும் படியில் காலடி கேட்டால் எழுந்து பார்ப்பேன். பதினான்காம் நாள் அவரே கூட்டிக்கொண்டு வந்தார், மெஷின் தாங்க முடியாத அளவுக்கு மெதுவாக இருக்கிறதாம். "விரல் வைக்கணும், உள்ள வாங்க" என்றேன். கடிதத்தைக் கடை சிஸ்டத்தில் திறந்து வைத்திருந்தேன். அவள் ஒரு கையை ரேகைப் பட்டையில் வைத்தபடி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "முதல் தேதி" என்றாள். இரண்டு ஆப்களை மட்டும் அணைத்து, கொஞ்சம் வேகமாக்கி அனுப்பினேன்.

அடுத்த மாதம் நான்காம் தேதி அவர் தனியாக வந்தார். சட்டை கசங்கியிருந்தது. லேப்டாப்பைத் திறப்பு வழியாக நீட்டினார்.

"மூணு நாளா இதுலேருந்து எனக்கு... எதுவுமே வரல. மெஷின் வீட்டுலதான் இருக்கு. ஆன் பண்ணினா டக்குனு வருது. உள்ள என்னதான் ஆச்சுன்னு பாருங்க. எங்க போனா, யார்கிட்ட பேசினா, ஏதாவது இருக்கும்ல?"

ஆன் செய்தேன். விரலும் கேட்கவில்லை, பாஸ்வேர்டும் கேட்கவில்லை, பூட்டை எடுத்துவிட்டிருந்தாள். பன்னிரண்டு நொடி. பட்டியலைத் திறந்தேன். ஒன்று விடாமல் அத்தனையும் அணைந்திருந்தன, நான் அன்று ஏற்றிய குப்பைகள் உட்பட. பதினேழும்தான். ஒரு கோப்புகூட மிச்சமில்லை. எனக்கு உள்ளுக்குள் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டுப் புத்தகத்தை எடுத்து, வழக்கம்போல வரிசை எண் போட்டு எழுதினேன். பதினேழுக்கு நேரே, 'நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர்: உரிமையாளர்' என்று எழுதினேன்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். இந்தக் கடைக்கு வந்ததுலயே இதுதான் சுத்தமான மெஷின்."

அவர் அந்தத் தாளைப் படித்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, அடியில் கையெழுத்துப் போடக் குனிந்தார். நான் தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அது உரிமையாளர் கையெழுத்து சார். அவங்க வந்துதான் போடணும்."

"நான் அவளோட..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அண்ணன் கவுண்டரிலிருந்து எழுந்து வந்து என் திறப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். ஒன்றும் பேசவில்லை, அதுவே அதிசயம். அவர் பேனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெறும் கையோடு படியிறங்கினார்.

லேப்டாப் என் அலமாரியில்தான் இருக்கிறது. கடை சிஸ்டத்தில் அந்த வேலைக்கு நேரே இன்னும் டிக் போடவில்லை.